முதல் தடவை மலிவுதான்: கபுகிச்சோ ஹோஸ்ட் கிளப்புகளில் நான் பார்த்தவை

கபுகிச்சோ தெருக்களில் நடக்கும்போது முதலில் கண்ணில் படுவது முகங்கள்தான். கட்டடச் சுவரையே மறைக்கும் பெரிய பலகைகளிலும், பாட்டு அலற ஊர்ந்து போகும் விளம்பர லாரிகளின் பக்கவாட்டிலும், வெளுத்த தலைமுடியும் வழவழப்பான தோலுமாக இளைஞர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். புதிதாக வருபவர்கள் சினிமா நடிகர்கள் என்றே நினைப்பார்கள். அவர்கள் ஹோஸ்ட்கள். பெண்களோடு உட்கார்ந்து பேசுவது, ஊற்றிக் கொடுப்பது, அந்த இரண்டு மணி நேரம் உலகத்தில் வேறு யாருமே இல்லாததுபோல அவர்களைக் கவனிப்பது, இதுதான் தொழில். டோக்கியோவின் ஷின்ஜுகுவில் உள்ள இந்த ஒரு பேட்டையில் மட்டும் ஏறக்குறைய 300 ஹோஸ்ட் கிளப்புகள் இருப்பதாகச் சொல்வார்கள்.

நான் டோக்கியோவில் வேலை பார்ப்பவள். என் அலுவலகத் தோழி ஒருத்தி, வடக்கே ஒரு சின்ன ஊரிலிருந்து வந்தவள், இந்த உலகத்துக்குள் போனாள். கூடவே நானும் சில தடவை போய் உட்கார்ந்தேன். பிறகு அவள் கடனில் சிக்கியபோதும் கூட இருந்தேன். அவள் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். அந்த கிளப்பின் பெயரும் அந்த ஹோஸ்டின் பெயரும் இங்கே வராது. அந்தப் பலகையில் ஒரு முகம் எப்படி ஏறுகிறது என்று தெரிந்துகொண்டு உள்ளே போனால் பத்திரமாக வெளியே வந்துவிடலாம். அது தெரியாமல் போவதில்தான் ஆபத்து.

பிரபல ஹோஸ்ட் என்பது இன்று நேற்று வந்த சங்கதி இல்லை. 1971-இல் ஐதா தாகேஷி என்பவர் ‘கிளப் ஐ’யைத் தொடங்கினார். கபுகிச்சோ ஹோஸ்ட் தொழிலுக்கு அவரைத்தான் முன்னோடி என்பார்கள். 2018-இல் காலமானார். அந்த கிளப்பில் நம்பர் ஒன்னாக இருந்த ஷிரோசாகி ஜின் பிறகு தொலைக்காட்சிக்குப் போய் வீடு வீடாகத் தெரிந்த முகமானார். அடுத்த தலைமுறைக்கு ரோலண்ட். பள்ளிக் காலத்தில் தீவிரமாகக் கால்பந்து ஆடியவர். எந்தக் கேள்விக்கும் சுருக்கென்று ஒரு பதில் சொல்லும் அவரைத் தொலைக்காட்சி கொண்டாடியது. 2018 முடிவில் மேசையில் உட்காரும் வேலையை விட்டுவிட்டு முதலாளி ஆனார். அவரைப் பார்த்துத்தான் இங்கே வந்தோம் என்று சொன்ன பையன்களை நானே சந்தித்திருக்கிறேன். இன்று தொலைக்காட்சிக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. யூடியூப், டிக்டாக், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றிலும் கிளப்புகளே படம் பிடித்துப் போடுகின்றன. என் தோழியும் அவளுடைய ஹோஸ்டை முதலில் பார்த்தது போனில்தான்.

முதல் தடவை போவதை ‘ஷோகாய்’ என்கிறார்கள். பல கிளப்புகளில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்துக்கு 1,000 முதல் 5,000 யென்னுக்குள் முடிந்துவிடும். குடிப்பது அதிலேயே அடக்கம். வாசலில் புகைப்படம் உள்ள அடையாள அட்டை கேட்பார்கள். வெளிநாட்டவர் என்றால் குடியிருப்பு அட்டை அல்லது பாஸ்போர்ட். ஜப்பானிய மொழி பேசத் தெரியாதவர்களைச் சில கிளப்புகள் உள்ளேயே விடுவதில்லை. அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் இது முழுக்கப் பேச்சை வைத்து நடக்கும் தொழில்.

உள்ளே உட்கார்ந்ததும் ஹோஸ்ட்களின் படம் போட்ட ஒரு தொகுப்பைத் தருவார்கள். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருவராக வந்து உட்கார்ந்து, பெயர் அட்டை கொடுத்துவிட்டுப் பேசுவார்கள். நான் கவனித்துக்கொண்டே இருந்தது அவர்கள் கைகளை. கண்ணாடிக் கோப்பையின் வெளிப்புறம் லேசாக வியர்த்தால் போதும், பேச்சு நிற்காமலே கைக்குட்டையால் துடைத்து, துடைத்த பக்கம் நம்மை நோக்கி இருக்கும்படி வைப்பார்கள். கோப்பைகளை இடிக்கும்போது அவர்களுடையது நம்முடையதைவிடக் கொஞ்சம் தாழ்வாகவே இருக்கும். ஒரு பையன், 20 வயதுதான் இருக்கும், நான் அரை மணிக்கு முன்னால் வேறொருவரிடம் சொன்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு “அம்மாவுக்கு முழங்கால் வலின்னு சொன்னீங்களாமே, இப்ப எப்படி?” என்று கேட்டான். அவர்களுக்குள் அவ்வளவு வேகமாகச் செய்தி போகிறது. அந்தத் திறமையை நான் மனதார மதிக்கிறேன். பல வருடம் ஒரே அலுவலகத்தில் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவர்கள் என் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இதற்காகவே போகலாமா என்றால், ஷோகாய்க்குத் தாராளமாகப் போகலாம் என்றுதான் சொல்வேன். கையில் ரொக்கம் மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். தெருவில் அழைக்கும் ஆளோடு எங்கேயும் போகாதீர்கள். அந்தத் தெருக்களில் ஒலிபெருக்கியிலேயே இதைத்தான் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள். சட்டப்படி இரவு ஒரு மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை இங்கே ஹோஸ்ட் கிளப் நடத்தக் கூடாது. அதனால்தான் சில கடைகள் விடிந்த பிறகு மறுபடியும் திறக்கின்றன. “ரெண்டு மணிக்கு வாங்க, திறந்திருக்கும்” என்று ஒரு கடை சொன்னால் அது எப்படிப்பட்ட கடை என்று அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

ஷோகாய் முடிந்து கிளம்பும்போது, பிடித்த ஒருவரை வாசல் வரை வழியனுப்பத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அவரோடு லைன் செயலியில் தொடர்பு வரும். வீடு போய்ச் சேருவதற்குள் முதல் செய்தி வந்திருக்கும்.

உண்மையான கட்டணம் இரண்டாவது தடவைதான் தொடங்குகிறது. ஒருவரைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுப்பது ‘ஷிமெய்’. அதன்பின் அவர்தான் உங்கள் ‘தான்தோ’. பெரும்பாலான கிளப்புகளில் ஒரு தடவை தேர்ந்தெடுத்தால் அந்தக் கடையில் வேறொருவருக்கு மாறவே முடியாது. அவரோடு மனத்தாங்கல் வந்தால் கடையையே விட வேண்டும். பக்கத்தில் உட்காரும் இளைய ஹோஸ்ட்கள் எவ்வளவு அன்பாக இருந்தாலும் அவர்கள் உதவிக்கு வந்தவர்கள்தான். பிரபலமான ஹோஸ்டாக இருந்தால் அவர் ஒரே இரவில் பல மேசைகளுக்குப் போக வேண்டியிருக்கும். நம் பக்கத்தில் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். பலகையில் பார்த்த முகத்துக்காகப் போகிறவர்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

பில்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தோழி சிக்கியது இங்கேதான். பட்டியலில் இருக்கும் விலை நாம் கொடுக்கப்போகும் விலை இல்லை. உட்காரும் கட்டணம், ஷிமெய் கட்டணம், ஷோச்சு என்னும் ஜப்பானிய மதுவில் ஒரு மலிவான பாட்டில், அதில் கலக்கத் தண்ணீர், பனிக்கட்டி எல்லாம் சேர்ந்து 30,000 யென் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் ‘டாக்ஸ்’ என்று ஒன்று ஏறும். அரசாங்கத்தின் நுகர்வு வரி 10 சதவீதம்தான். கடைகள் அதோடு சேவைக் கட்டணத்தையும் சேர்த்து மொத்தமாக வாங்குகின்றன. நாங்கள் போன கடையில் 35 சதவீதம். ஆக 40,500 யென். ஒரு லட்சம் யென் என்று போட்டிருக்கும் ஷாம்பெயின் 1,35,000 ஆகும். நேரம் நீண்டால் அதற்கும் தனி. அதனால் உட்காருவதற்கு முன்பே இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: டாக்ஸ் எத்தனை சதவீதம், எத்தனை மணிக்கு என் நேரம் முடிகிறது. தயங்காமல் கேட்கலாம், அதில் தவறே இல்லை. “இன்னிக்கு என்னிடம் இவ்வளவுதான் இருக்கு” என்று தொகையை முதலிலேயே சொல்லிவிட்டால், நல்ல ஹோஸ்ட் அதற்குள் முடித்துக் கொடுப்பார். முகம் சுருக்குகிறவரிடம் அடுத்த தடவை போக வேண்டாம்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் பெண்கள் லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள்? குடியும் காதலும்தான் காரணம் என்று முன்பு நானும் நினைத்திருந்தேன். ஒரு பிறந்தநாள் இரவில் உட்கார்ந்து பார்த்தபோது வேறொன்று தெரிந்தது.

ஹோஸ்டின் பிறந்தநாள்தான் வருடத்தின் பெரிய வியாபாரம். மேசையில் ஷாம்பெயின் வந்ததும் இசை மாறும். கடையில் உள்ள அத்தனை ஹோஸ்ட்களும் ஓடி வந்து அந்த மேசையைச் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவர் மைக்கைப் பிடித்து அந்தப் பெண்ணை ‘இளவரசி’ என்று அழைத்து, தாளம் தப்பாமல் கூவ, மற்றவர்கள் எதிர்க்குரல் கொடுப்பார்கள். பாட்டில் காலியாகும். அப்புறம் மைக் அவள் கைக்கு வரும், ஒரு வார்த்தை பேச. என் தோழியின் கைக்கும் வந்தது. அவள் தன் ஹோஸ்டைப் பார்த்துப் பேசவில்லை. எதிர்ப்புற மேசையில் இருந்த ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டே, “இந்த மாதம் இவரை நான்தான் நம்பர் ஒன் ஆக்குவேன்” என்றாள். எதிர் மேசைப் பெண்ணுக்கும் அதே ஹோஸ்ட்தான் தான்தோ. பத்து நிமிடம் கழித்து அந்த மேசையில் இன்னும் விலை உயர்ந்த பாட்டில் திறந்தது. இரவு முடிவில், அன்று அதிகம் விற்ற ஹோஸ்ட் கடைசிப் பாட்டைப் பாடுவார், அவருக்கு அதிகம் செலவழித்தவளின் பக்கத்தில் உட்கார்ந்தபடி. அன்று அந்த இடம் தோழிக்குக் கிடைக்கவில்லை. ரயிலில் வரும் வழியெல்லாம் அவள் பேசியது அந்தப் பாட்டைப் பற்றித்தான்.

விற்கப்படுவது இந்த இடம்தான். மாதாமாதம் விற்பனை வரிசை போடுகிறார்கள். வருடத்துக்கு ஒரு கோடி, பத்துக் கோடி யென் என்று எண்கள் 2025 வரை தெருப் பலகைகளிலும் ஏறின. ஒரு ஹோஸ்ட் பிரபலம் ஆவதற்குச் சில பெண்களின் கையெழுத்துப் போட்ட பில்கள் போதும். அந்தப் பெண்களுக்கும் அது தங்கள் வெற்றியாகத் தோன்றுகிறது. நம்மூரில் முதல் நாள் கட்டவுட் வைக்கிறவர்களின் மனநிலையை அறிந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரே வித்தியாசம், இங்கே ரசிகை ஒருத்தியே மொத்தக் கட்டவுட்டுக்கும் பணம் கட்ட வேண்டும்.

அன்றைய பில்லை அவள் கட்டவில்லை. கட்டச் சொல்லவும் இல்லை. அப்போது 2023 இலையுதிர் காலம், ‘உரிகாகே’ என்னும் கடன் கணக்கு எல்லாக் கடைகளிலும் சாதாரணம். ஒரு சீட்டில் பெயர், முகவரி, தொலைபேசி எண் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், அடுத்த மாத ஆரம்பத்தில் கட்டலாம். அவள் போட்ட கையெழுத்து எட்டு லட்சம் யென்னுக்கு. அவளுடைய மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல்.

இந்தக் கடனின் உள்கட்டுமானம் வெளியே பலருக்குத் தெரியாது. வாடிக்கையாளர் கட்டாவிட்டால் அந்தத் தொகையைக் கடைக்குக் கட்ட வேண்டியவர் ஹோஸ்ட். அதனால் தேதி நெருங்க நெருங்க அன்பாகப் பேசிய அதே வாய் மாறுகிறது. முதலில் “உன்னை நம்பித்தானே நான் இருக்கேன்” என்று செய்தி வந்தது. பிறகு “ஊரில் அம்மாவிடம் நான் பேசட்டுமா?”. கடைசியாக, “நல்ல சம்பளத்துக்கு வேலை ஏற்பாடு செய்கிற ஒருத்தரைத் தெரியும், சும்மா பேசிப் பார்” என்று ஒரு எண். அது ஸ்கவுட்டின் எண். பெண்களைப் பாலியல் தொழில் கடைகளில் சேர்த்துவிட்டு, அவர்கள் சம்பாத்தியத்தில் பங்கு வாங்குகிறவர்களைத்தான் ஸ்கவுட் என்கிறார்கள். கபுகிச்சோவில் உள்ள ஓகுபோ பூங்காவைச் சுற்றிப் பாலியல் தொழிலுக்காகத் தெருவில் நின்று கைதான பெண்களில் பலர் ஹோஸ்ட் கிளப் செலவுக்காகத்தான் நின்றார்கள் என்று போலீசாரே சொன்ன காலம் அது. ஆண்களிடம் காதல் நாடகம் ஆடி ஏறக்குறைய 15 கோடி யென் ஏமாற்றிய ஒரு இளம்பெண்ணுக்கு 2024 ஏப்ரலில் நகோயா நீதிமன்றம் 9 ஆண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் அது எட்டரை ஆண்டானது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்ததும் ஒரு ஹோஸ்டிடம்தான்.

தோழி அந்த எண்ணை என்னிடம் காட்டிய இரவு, நாங்கள் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் லைன் உரையாடல் முழுவதையும் படம் பிடித்து வேறு இடத்தில் சேமித்தோம். கோபத்தில் அழிக்கப் போனவளைத் தடுத்தேன், ஏனென்றால் பிறகு எங்களுக்குச் சாட்சியாக நின்றது அந்தச் செய்திகள்தான். இரண்டாவது, அவள் கடன் அட்டையில் முன்பணம் எடுத்து அடைக்க நினைத்தாள். அதை நிறுத்தினோம். மறுநாள் 188-ஐ அழைத்தோம். ஜப்பானில் எங்கிருந்து அழைத்தாலும் அருகிலுள்ள நுகர்வோர் மையத்துக்கு இணைப்புக் கொடுக்கும் எண் அது. அங்கே பேசிய பெண்மணி அதட்டவில்லை, உபதேசம் செய்யவில்லை. பில் இருக்கிறதா, விலை முன்னால் சொல்லப்பட்டதா, எவ்வளவு குடித்திருந்தாள், வாங்காவிட்டால் உறவு முறிந்துவிடும் என்று அவன் சொன்னானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காதலை வைத்து மிரட்டிப் பணம் செலவழிக்கச் செய்யும் ஒப்பந்தங்களை ரத்து செய்ய நுகர்வோர் ஒப்பந்தச் சட்டத்தில் 2019-இலிருந்தே வழி இருக்கிறது என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு சட்ட உதவிக்கு இருக்கும் ஹோதெராசு வழியாக ஒரு வழக்கறிஞர். அவர் கடைக்கு ஒரு கடிதம் அனுப்பியதும் அவள் போனுக்கு வந்த செய்திகள் நின்றன. கடைசியில் அவள் குடித்ததற்கு நியாயமான ஒரு தொகையைத் தவணையில் கட்டினாள், அவ்வளவுதான். மிரட்டல் நேரடியாக வந்தால் போலீஸ் ஆலோசனைக்கு 9110-க்கு முன் # குறியை அழுத்தி அழைக்கலாம் என்றும் அந்த வழக்கறிஞர்தான் சொல்லிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. மகள்களை இப்படி இழந்த பெற்றோர்கள் வெளியே வந்து பேசினார்கள், விஷயம் நாடாளுமன்றம் வரை போனது. 2023 டிசம்பரில் கபுகிச்சோவில் பல ஹோஸ்ட் கிளப்புகளை நடத்தும் பெரிய குழுமங்கள், 20 வயதுக்குக் குறைந்தவர்களை அனுமதிப்பதில்லை என்றும் 2024 ஏப்ரலுக்குள் உரிகாகேயை ஒழிப்பதாகவும் அறிவித்தன. 18 வயதிலேயே பெற்றோர் சம்மதமின்றி ஒப்பந்தம் போடலாம் என்று 2022-இல் சட்டம் மாறியதால் 20 வயது வரம்பு முக்கியம். ஹோஸ்ட் கிளப் போன்ற இரவுத் தொழில்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளரின் காதல் உணர்வைப் பயன்படுத்தி ஆர்டர் வாங்குவது, கடனுக்காகப் பாலியல் தொழிலுக்குத் தள்ளுவது, ஸ்கவுட்டுக்குக் கமிஷன் கொடுப்பது எல்லாம் தடை. உரிமம் இல்லாமல் நடத்தும் நிறுவனத்துக்கு அபராதம் 30 கோடி யென் வரை. விற்பனைப் போட்டியைத் தூண்டும் விளம்பரமும் கூடாது என்று போலீஸ் சொன்னதால், அந்த மாதம் கபுகிச்சோ பலகைகளில் ‘நம்பர் ஒன்’, ‘வருட விற்பனை இத்தனை கோடி’ என்ற எழுத்துகளை எல்லாம் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தார்கள். முகங்கள் மட்டும் மிச்சம். எனக்கு அதைப் பார்க்கத் திருப்தியாக இருந்தது.

ஆனாலும் எச்சரிக்கை குறையக் கூடாது. கடை கடன் தராத இடத்தில், ஹோஸ்டே சொந்தப் பணத்தைப் போட்டதாகச் சொல்லி, அந்தத் தொகையைத் தனிப்பட்ட கடனாக எழுதி வாங்கும் வழக்கம் இருக்கிறது. பெயர் எதுவானாலும் அன்றிரவே கட்ட முடியாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஹோஸ்ட்கள் எல்லாரையும் வில்லன்களாக எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வெளியூரிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து, கடை கொடுக்கும் விடுதியில் அடுக்குக் கட்டிலில் தூங்கி, ஈரல் கெடும் அளவு குடித்து, வரிசையில் பெயரே வராமல் சில மாதங்களில் காணாமல் போகும் பையன்கள்தான் அதிகம். தெஸுகா மாகி என்ற முன்னாள் ஹோஸ்ட், தன் குழுமத்து இளைஞர்களைத் தான்கா என்னும் ஜப்பானியக் குறுங்கவிதை எழுத உட்கார வைத்து அதைத் தொகுப்பாகவே கொண்டுவந்தார். கபுகிச்சோவில் ஒரு புத்தகக் கடையும் நடத்திப் பார்த்தார். அப்படிப்பட்ட மனிதர்களும் அந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள். என் அம்மாவின் முழங்காலைப் பற்றிக் கேட்ட அந்தப் பையன் இப்போது சைத்தாமாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறான் என்று தோழி சொன்னாள்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இதில் இருந்தால், அவளிடம் அந்த ஹோஸ்டைத் திட்டாதீர்கள். நாம் திட்டத் திட்ட அவனுக்காக வாதாடும் பொறுப்பு அவளுக்கு வந்துவிடும். பேச்சு அங்கேயே முடிந்துபோகும். நான் தோழியிடம் கேட்டது ஒரே கேள்வி: “இந்த மாதம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள்?” முதல் இரண்டு தடவை பதில் வரவில்லை. மூன்றாவது தடவை, மதிய உணவு நேரத்தில், தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே போனை என் பக்கம் திருப்பி வைத்தாள். அதில்தான் அந்த ஸ்கவுட்டின் எண்ணைப் பற்றிய முதல் குறிப்பு இருந்தது. அன்று இரவே அவள் வீட்டுக்குப் போனேன்.